ஒரு திருகு கொசுறு

நூற்றுக்கு எண்பத்தெட்டு வாங்கினால் பள்ளிக்கூடத்தில் கைதட்டுவார்கள். ஐந்தாம் வார்டில் பன்னிரண்டாம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பன்னக்காவுக்கோ அந்த எண்ணைப் பார்க்கப் பார்க்க மனசு ஆறவில்லை. புருஷன் விரலில் மாட்டியிருந்த கவ்வி, ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று திரையில் காட்டிக்கொண்டே இருந்தது. எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, மறுபடி எண்பத்தெட்டு. அதற்கு மேல் ஏறுவேனா என்றது.

பன்னக்கா என்பது தெரு வைத்த பெயர். ரொட்டிக்கடைக்குப் பின்னால் முப்பது வருஷமாக அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். மாவு பிசைந்து தட்டில் அடுக்குகிறவர் அவள் புருஷன் ரொட்டிக்காரர். மாவுத் தூசியும் விறகுப் புகையும், போதாக்குறைக்கு நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட்டும் சேர்ந்து அந்த மனுஷனுடைய நுரையீரலைச் சல்லடையாக்கி வைத்திருந்தன. இரண்டு நாளைக்கு முன்னால் மூச்சு முட்டி, உதடு நீலம் பாரித்து, ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து போட்டார்கள். மூக்கில் மெல்லிய குழாய் வைத்தார்கள். அந்தக் குழாய் போய்ச் சேரும் இடத்தில் சுவரில் ஒரு கண்ணாடிக் குழல். அதற்குள் கோலிக்குண்டு அளவில் ஒரு பந்து. கீழே பச்சை நிறத்தில் ஒரு திருகு. திருகினால் பந்து ஏறும், ஆக்சிஜன் கூடும். பந்து ஒன்று என்ற கோட்டில் நின்றது. தலைமாட்டில் டாக்டர் ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார்: "88 முதல் 92 வரை போதும். அதற்கு மேல் வேண்டாம்."

போதுமாம்! முப்பது வருஷத்தில் ஒரு ரொட்டி எடை குறைந்து போனதில்லை அந்தக் கடையிலிருந்து. பத்து பன் வாங்கினால் பதினோராவது கொசுறு. நூற்றுக்கு எண்பத்தெட்டைக் கொடுத்துவிட்டுப் போதும் என்று சொல்கிறவன் அவள் கணக்கில் கடைக்காரனே இல்லை.

இந்த வயிற்றெரிச்சல் போதாதென்று பக்கத்துக் கட்டில் வேறு. பதிமூன்றாம் கட்டிலில் பஸ் கண்டக்டர் ஒருவர் கிடந்தார். காய்ச்சலில் ஆரம்பித்து இரண்டு நுரையீரலிலும் சளி கட்டிய கேஸ். முகத்தில் பெரிய மாஸ்க், அதன் கீழே ஒரு பை, சுவரில் பந்து குழலின் உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. பதினைந்து லிட்டர். உஸ்ஸென்று சத்தம் வார்டு வாசல் வரைக்கும் கேட்டது.

"பாத்தீங்களா அண்ணி, அநியாயத்தை?" என்றாள் நாத்தனார். ரொட்டிக்காரரின் ஒரே தங்கை அவள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜாதி இல்லை. "அவருக்குப் பதினஞ்சு. எங்கண்ணனுக்கு ஒண்ணு. சொட்டு சொட்டா விடறாங்க. நீங்க கேக்க மாட்டீங்க. கேட்டா உங்க வாயில இருக்கற முத்து கொட்டிடுமே."

"நேத்துக் கேட்டேன்டி. அவருக்கு இவ்வளவுதான்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க."

"சொன்னா விட்டுடறதா? எங்கம்மா இருந்திருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரியையே ரெண்டாக்கியிருப்பாங்க."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முப்பது வருஷமாக இந்த நாத்தனாரிடம் பன்னக்கா ஒரு சண்டையில்கூட ஜெயித்ததில்லை. ஆனால் பேச்சு மட்டும் உள்ளே இறங்கி வேலை செய்தது. கை அரித்தது.

காலை பத்து மணிக்கு வார்டின் அந்தக் கோடியில் புது நோயாளி ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நர்ஸ்கள் எல்லோரும் அங்கே ஓடினார்கள். நாத்தனார் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். பன்னக்கா இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பச்சைத் திருகைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். பந்து துள்ளி மூன்றில் போய் நின்றது. ஒரு திருகு கொசுறு, அவ்வளவுதான். யார் குடி கெட்டுப் போகிறது?

எண்பத்தெட்டு தொண்ணூறாயிற்று. தொண்ணூற்று மூன்றாயிற்று. அடேயப்பா, அவளுக்கு நெஞ்சு குளிர்ந்த குளிர்ச்சி! நாத்தனார் வந்ததும் அவளை உட்கார வைத்துவிட்டு, டீ குடிக்கவும் கடையாளுக்குப் போன் போடவும் கீழே போனாள். டீக்கடையில் கூட்டம். கடையாளோ போனில் விடமாட்டேன் என்றான். திரும்பி வருவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது.

வாசலிலேயே நாத்தனார் எதிர்கொண்டாள். முகமெல்லாம் பல்.

"அண்ணி! தொண்ணூத்தெட்டு!"

"என்னது?"

"வந்து பாருங்க. தொண்ணூத்தெட்டு! அந்தக் கண்டக்டருக்கே தொண்ணூத்தொண்ணுதான். அண்ணன் எப்படித் தூங்கறாரு பாருங்க!"

பார்த்தாள். நெஜந்தான். இரண்டு ராத்திரியாகத் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே கிடந்த மனுஷன் கால் நீட்டிச் சாய்ந்து, வாய் திறந்து, நிம்மதியாகத் தூங்கினார். முகம் ரோஜாப்பூ மாதிரி சிவந்திருந்தது. திரையில் தொண்ணூற்றெட்டு பச்சையாக மின்னியது. இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. நாத்தனார் போனை எடுத்து மாமா வீடு, சித்தப்பா வீடு, கடையாள், எதிர்வீடு என்று ஒரு வீடு பாக்கியில்லாமல் தண்டோரா போட்டாள். "அண்ணன் பொழைச்சிட்டாரு! தொண்ணூத்தெட்டு!" முப்பது வருஷத்தில் முதல்முறையாக அண்ணியும் நாத்தனாரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். திரையாவது ஒரு குரல் கொடுத்திருக்கலாம். எண் குறைந்தால்தான் அது கத்தும். கூடினால் கத்துவதற்கு அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை.

பகல் ஒரு மணி ஆயிற்று. கஞ்சி வந்தது.

"என்னங்க, எழுந்திரிங்க. ஒரு வாய் குடிச்சிட்டுப் படுங்க."

அவர் ஏதோ முனகினார். கண் திறக்கவில்லை.

"தூங்கட்டும் விடுங்க அண்ணி. எத்தனை நாள் தூக்கம்!"

பன்னக்கா கையைத் தொட்டாள். கொதித்தது. காய்ச்சல் மாதிரி இல்லை, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்த கை மாதிரி ஒரு சூடு. விரல்கள் தானாகத் துடித்துத் துடித்து அடங்கின. அவளுக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாக இந்த மனுஷன் தூங்குவதைப் பார்த்திருக்கிறாள். அடுப்புக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவார். எவ்வளவு அசதியானாலும் ஒரு காது முழித்திருக்கும். இரண்டே வார்த்தை போதும், துள்ளி எழுந்து அடுப்புக் கதவைத் திறந்துவிடுவார். மகள் கல்யாணத்தன்றைக்கு மணப்பந்தலிலேயே யாரோ விளையாட்டுக்குச் சொல்லி, மனுஷன் எழுந்து நாலடி ஓடியிருக்கிறார்.

குனிந்து, காதோடு வாய் வைத்து, வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

"என்னங்க! தட்டு கருகுது!"

இமை அசையவில்லை.

"சிஸ்டர்! ஐயோ சிஸ்டர்! இவர் தூங்கல! இவர் தூங்கவே இல்ல!"

தலைமை நர்ஸ் ஓடி வந்தாள். நெஞ்செலும்பில் முஷ்டியால் அழுத்தித் தேய்த்தாள். ரொட்டிக்காரர் முகத்தைச் சுளித்தார், அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் டாக்டரம்மா வந்து நின்றாள். மத்தியானப் பணிக்கு அப்போதுதான் வந்தவள், பன்னிரண்டாம் கட்டிலைப் பற்றி ஒன்றும் தெரியாதவள். கண்ணில் விளக்கடித்தாள். திரையைப் பார்த்தாள். "ஆக்சிஜன் தொண்ணூத்தெட்டு இருக்கு, ஆனா நினைவு இல்ல... மூளையில ரத்தக் கசிவா இருக்கலாம். ஸ்கேனுக்குக் கொண்டு போகணும். ட்ராலி கொண்டு வாங்க."

ஸ்கேன் அறை அடுத்த கட்டடத்தில். லிப்ட், வராந்தா, வரிசை. பன்னக்காவின் கண் பச்சைத் திருகின் மேல் போயிற்று. தலைமாட்டு அட்டையின் மேல் போயிற்று. 'அதற்கு மேல் வேண்டாம்.' தூக்கிவாரிப் போட்டது. சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும். ஆனால் பக்கத்தில் நிற்பவள் யார்? நாத்தனார்! 'எங்கண்ணனைக் கொல்லப் பாத்தவ' என்று இவள் செத்த பிறகும் வந்து சொல்லிக் காட்டுவாளே! ட்ராலியின் சக்கரச் சத்தம் நெருங்கியது.

"டாக்டரம்மா! நான்தான். நான்தான் அந்தத் திருகைத் திருகினேன்!"

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். பன்னக்காவும் பார்த்தாள். பந்து ஆறில் நின்றது.

அவள் வைத்தது மூன்று. சத்தியமாக மூன்று. திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனாரின் முகம் பேயறைந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது; சும்மாவே இருக்காத அந்த வாய் பூட்டுப் போட்ட மாதிரி மூடியிருந்தது.

"எப்போ திருகினீங்க? எவ்வளவு?" என்றாள் டாக்டரம்மா.

யார் எவ்வளவு என்று பஞ்சாயத்து வைக்கவா நேரம்? "பத்து மணியிலிருந்து. ஆறு," என்றாள் பன்னக்கா.

டாக்டரம்மாவின் முகம் மாறிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஸ்கேன் வேண்டாம். ட்ராலியை விடுங்க. மணிக்கட்டு ரத்தம் எடுக்கணும், உடனே. மூச்சு மெஷினைக் கொண்டு வாங்க!" திருகை அவளே பிடித்து இறக்கினாள், திரையைப் பார்த்தபடி, மெல்ல மெல்ல. ஊசி மணிக்கட்டில் இறங்கியது. ரத்தத்தை எடுத்துக்கொண்டு நர்ஸ் வார்டு மூலையில் இருந்த ரத்தம் சோதிக்கும் பெட்டிக்கு ஓடினாள். இரண்டு நிமிஷத்தில் துண்டுக் காகிதம் வந்தது.

"கார்பன் டை ஆக்ஸைடு தொண்ணூத்தி நாலு," என்று படித்தாள் டாக்டரம்மா. "நாப்பது இருக்க வேண்டியது."

"அப்படின்னா?" என்றாள் பன்னக்கா.

மெஷினின் மாஸ்க்கை அவர் முகத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டே டாக்டரம்மா சொன்னாள். கை நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. "அம்மா, மூச்சு தோத்துப் போறதுல ரெண்டு வகை இருக்கு. முதல் வகையில ஆக்சிஜன் உள்ள சேராது. ரெண்டாவது வகையில, ஆக்சிஜன் குறையறதோட, கழிவுக் காத்தும் வெளிய போகாம ரத்தத்துல தேங்கிடும். உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டாவது. அவர் உடம்பு குறைஞ்ச அளவுக்கே பழகினது. கொட்டிக் கொடுத்தா, தேங்கறது இன்னும் கூடிப் போகும். தேங்கினா மயக்கம். விரல்ல இருக்கற கருவிக்கு முதலாவதைத்தான் பாக்கத் தெரியும். ரெண்டாவதைப் பாக்கக் கண்ணே கிடையாது அதுக்கு."

"பொழைப்பாரா?"

"இந்த மெஷின் அவருக்காக ஊதி ஊதி அந்தக் காத்தை வெளிய தள்ளும். ஒரு மணி நேரம் பாப்போம். இறங்கலைன்னா தொண்டையில குழாய் போட்டு ஐசியூவுக்குக் கொண்டு போகணும். அங்க போனா..." நிறுத்திக்கொண்டாள். "ஒரு மணி நேரம் பாப்போம்."

மெஷின் புஸ் என்று தள்ளியது. ரொட்டிக்காரரின் நெஞ்சு உயர்ந்தது. நிறுத்தியது. தாழ்ந்தது. பன்னக்கா நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். தும்பை விட்டு வாலைப் பிடித்தவள் வேறென்ன செய்வாள்? பழமொழி சொல்ல உங்களுக்கு நாக்கு துறுதுறுக்கிறது, அமுதமும் நஞ்சுமென்று. தயவுசெய்து சொல்லாதீர்கள். அவள் தனக்குத்தானே நூறு தடவை சொல்லிக்கொண்டாள்.

ஆனால் அழுதுகொண்டு நிற்கிறவள் இல்லை பன்னக்கா. டாக்டரம்மா சொன்னதை மனதுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். உள்ளே சேராதது ஒன்று. வெளியே போகாதது ஒன்று. அட! இது அவளுக்குத் தெரிந்த சமாச்சாரம் ஆயிற்றே! முப்பது வருஷம் முகத்தில் வாங்கிய புகை ஆயிற்றே! யாராவது கொஞ்சம் முன்னாலேயே இப்படிச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

அந்த நேரத்தில்தான் பக்கத்தில் உஸ்ஸென்ற சத்தம் திடீரென்று நின்றது.

திரும்பினாள். கண்டக்டரின் பெண்டாட்டி, இவ்வளவு நேரமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண், தன் புருஷனுடைய திருகைக் கெட்டியாக மூடிவிட்டு நின்றிருந்தாள். பந்து அடியில் கிடந்தது. மாஸ்க்கின் பை சுருங்கி ஒட்டிக்கொண்டது. கண்டக்டர் கையை ஆட்டினார். திரை கத்த ஆரம்பித்தது. எண்பத்தைந்து. எண்பது. எழுபத்தாறு.

"அடிப் பாவி, என்ன பண்றே!" ஒரே எட்டு. பன்னக்கா இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இருந்த ஸ்டூலைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து திருகைப் பிடித்தாள். எதிர்ப்பக்கமாகத் திருகு திருகென்று திருகினாள். பந்து உச்சிக்குப் போய் முட்டியது. "சிஸ்டர்! இங்க வாங்க! மூடிட்டாங்க, திறந்துட்டேன்!"

"ஆக்சிஜன் கொல்லுதுன்னு அவங்கதானே சொன்னாங்க?" என்று அந்தப் பெண் அலறினாள். "ஆறுக்கே அவருக்கு அப்படி ஆச்சு. எங்க வீட்டுக்காரருக்குப் பதினஞ்சு வச்சிருக்காங்களே!"

"அது வேற, இது வேற! இங்க பாரு தாயி." பன்னக்கா அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். மூச்சு வாங்கியது, ஆனால் வார்த்தை தங்குதடையில்லாமல் வந்தது. "அடுப்பு ரெண்டு விதமா அணையும். காத்து உள்ள வராம அணையறது ஒண்ணு. அதுக்கு ஊதணும், நல்லா ஊதணும். உங்க வீட்டுக்காரரு அந்த அடுப்பு. புகைப்போக்கி அடைச்சிக்கிட்டு அணையறது இன்னொண்ணு. புகை வெளிய போக வழி இல்லாம உள்ளேயே கம்மும். அதுல போய் ஊதிக்கிட்டே இருந்தா புகைதான் மூஞ்சியில அடிக்கும். என் வீட்டுக்காரரு அந்த அடுப்பு. உன் அடுப்புக்கு ஊது. என் அடுப்புக்குப் புகையைத் தள்ளு. மாத்திச் செஞ்சா ரெண்டு வீட்டுலயும் ஒப்பாரிதான். புரியுதா?"

"புரியுது அக்கா," என்றாள் அந்தப் பெண், விக்கிக்கொண்டே. தலைமை நர்ஸ் வந்து மாஸ்க்கைச் சரிசெய்தாள். எண்பத்திரண்டு, எண்பத்தேழு, தொண்ணூறு. கண்டக்டர் பன்னக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு தன் பெண்டாட்டியைப் பார்த்து முறைத்தார். முறைக்கத் தெம்பு வந்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒரு மணி நேரம் முடிந்தது. மறுபடி மணிக்கட்டில் ஊசி. நர்ஸ் மறுபடி பெட்டிக்கு ஓடினாள். பன்னக்கா நாத்தனாரின் கையைப் பிடித்தாள். நாத்தனாரின் கை சில்லிட்டிருந்தது. டாக்டரம்மா காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"எழுபத்தி ரெண்டு! இறங்கிடுச்சு! இருபத்தி ரெண்டு இறங்கியிருக்கு!" டாக்டரம்மாவே சின்னப் பிள்ளை மாதிரி ஒரு குதி குதித்துவிட்டாள். "குழாய் வேண்டாம்!"

அதைச் சொல்லி வாய் மூடவில்லை, ரொட்டிக்காரர் கண்ணைத் திறந்தார். மேலே பார்த்தார். மாஸ்க்கைத் தடவிப் பார்த்தார். கட்டிலின் கால்மாட்டில் கைகோத்து நின்ற பெண்டாட்டியையும் தங்கையையும் மாறி மாறி வெகுநேரம் பார்த்தார். மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். நர்ஸ் குனிந்து கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்ன சொல்றாரு?"

"ரெண்டு பேரும் சண்டை போடாம நிக்கறாங்களே, நான் செத்துட்டேனான்னு கேக்கறாரு!"

பன்னக்கா சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அழுகை வந்தது. அவர் காலைக் கட்டிக்கொண்டு, கட்டில் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். யார் பார்த்தால் என்ன? புருஷன் திரும்பி வந்துவிட்டார், அழாமல் என்ன செய்வாள்? திரையில் எண்பத்தொன்பது காட்டியது. தங்கமான எண் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வெயில் ஜன்னலில் இறங்கும்போது நாத்தனார் அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணி... நீங்க கீழே போனப்ப, நான் பாத்தேன். மூணுல இருந்துச்சு. நர்ஸுதான் ஏத்தியிருக்காங்க, நாம கேட்டது நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். இன்னும் கொஞ்சம் வச்சா இன்னும் நல்லதுதானேன்னு... நான்தான் அண்ணி ஆறாக்கினேன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் கொன்னிருப்பேன் எங்கண்ணனை."

"தெரியும்."

"தெரியுமா? எப்படி?"

"நான் வச்சது மூணு. பந்து நின்னது ஆறு. நடுவுல அங்க உக்காந்திருந்தது நீ. இதுக்கு டாக்டருக்குப் படிக்கணுமாடி?"

"அப்புறம் ஏன் அவ்வளவையும் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

"அவருக்கு நேரம் இல்ல. நாம ரெண்டு பேரும் ஆளுக்கு எவ்வளவுன்னு பங்கு பிரிச்சு முடிக்கறதுக்குள்ள அவர் போய்ச் சேந்திருப்பாரு."

நாத்தனார் ஓவென்று அழுதாள். தேற்றலாமா, முப்பது வருஷத்துக்கும் சேர்த்து இரண்டு போடலாமா என்று பன்னக்கா ஒரு கணம் யோசித்தது உண்மை. கை போய் அவள் முதுகைத் தடவியது.

தலைமை நர்ஸ் வார்டு வாசலில் நின்று கூப்பிட்டாள். "பன்னிரண்டாம் கட்டில்! இன்னைக்கு ராத்திரி முழுக்க ஒருத்தர் அவர் பக்கத்துலயே இருக்கணும். மாஸ்க் கழண்டா என்னைக் கூப்பிடணும். அந்தத் திருகு கிட்ட ஈ எறும்பு நெருங்கக் கூடாது. யாரு இருக்கப் போறீங்க?"

"இவ இருப்பா," என்றாள் பன்னக்கா, நாத்தனாரைக் காட்டி. "நான் கடைக்குப் போய் அடுப்பைப் பத்த வச்சிட்டு வந்துடறேன்."

"என்னையா?" நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "இவ்வளவுக்கு அப்புறமும் என்னை நம்பியா விட்டுட்டுப் போறீங்க அண்ணி?"

"அந்தத் திருகைத் தொட்டா என்ன ஆகும்னு இந்த ஆஸ்பத்திரியிலேயே நல்லாத் தெரிஞ்ச பொம்பளைங்க ரெண்டே பேரு. ஒருத்திக்கு வேலை இருக்கு."

நாத்தனார் கண்ணைத் துடைத்தாள். உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போட்டு, திருகுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.